சுவரில் ஏறும் ஈரம்: மருந்து பூசும் முன் சரியான பாஸைத் தெரிவுசெய்வது எப்படி?

பெருநாள் நெருங்கும்போது எமது ஊர்களில் ஹாட்வெயார் கடைகளில் கூட்டம் கூடிவிடும். பெயின்ட் வாளியும் புட்டிப் பையும் ஓட்டோவில் ஏறும். முன் ஹோல் சுவரின் அடியில் ஊதிப்போய் உதிர்ந்துகொண்டிருக்கும் பூச்சைச் சுரண்டி, புட்டி இழுத்து, அதன் மேல் இரண்டு தடவை பெயின்ட் அடித்துவிட்டால் பெருநாளன்று வீடு புதுசாகத்தான் இருக்கும். அடுத்த மாரி முடிவதற்குள் அதே இடத்தில் அதே ஊதல் மீண்டும் வரும். மறுவருடமும் அதே பாஸ், அதே புட்டி.

இந்த வருடாந்தச் செலவுக்கு நடுவே புதிதாக ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. 'வோட்டர் புரூபிங்' என்ற பெயரில் முகநூலில் விளம்பரம் வருகிறது. இலவசமாக வந்து பார்ப்போம், ஒரே நாளில் முடிப்போம், பத்து வருட உத்தரவாதம் தருவோம் என்கிறார்கள். இவர்களில் தொழில் தெரிந்து நேர்மையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாளி மருந்தும் ஒரு பிரஷும் கையில் இருப்பதால் மட்டுமே நிபுணரானவர்களும் இருக்கிறார்கள். இருவரையும் பிரித்தறிய வீட்டுக்காரருக்குச் சில விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

இதில் போகும் காசு யாருடைய காசு என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எமது வீடுகளில் பலவற்றின் சுவர்கள் கட்டாரிலும் சவூதியிலும் யாரோ ஒருவர் வெயிலில் நின்று உழைத்ததில் எழும்பியவை. கிழக்கில் மகளுக்கென்று வீடு கட்டிக்கொடுப்பதற்காகத் தந்தைமார் இருபது வருடம் சேமிக்கிறார்கள். அந்த வழக்கம் சரியா, பிழையா என்பது வேறொரு கட்டுரைக்குரிய விடயம். ஆனால் அப்படிக் கட்டிய வீட்டில் ஐந்தாம் வருடமே படுக்கையறைச் சுவர் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப்போனால், அழகு மட்டும் கெடுவதில்லை. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு சுவாச நோய்களும் ஆஸ்துமாத் தொல்லையும் கூடுதலாகக் காணப்படுவதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் கூறியுள்ளது. மாரி காலத்தில் வகுப்பறையில் விடாமல் இருமும் பிள்ளையைப் பார்க்கும்போது, அந்தப் பிள்ளை இரவில் எந்தச் சுவரோரம் படுக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

ஆளைத் தேடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வீட்டுக்குள் ஈரம் நான்கு வழிகளில் வரும்: நிலத்திலிருந்து ஏறும், மழையாக வெளியிலிருந்து புகும், குழாயிலிருந்தோ குளியலறையிலிருந்தோ கசியும், அறையின் காற்றிலேயே இருந்து குளிர்ந்த சுவரில் படியும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. நிலத்திலிருந்து ஏறும் ஈரத்துக்கு மேல்மாடியில் மருந்து பூசிப் பலனில்லை. குழாய் ஒழுக்குக்குச் சுவரைத் துளைத்து மருந்து ஏற்றினால், காசு வாங்கியவருக்கு மட்டும்தான் இலாபம்.

நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தைப் புரிந்துகொள்ள எளிய வழி உண்டு. பூச்சு இல்லாத ஒரு செங்கல்லை, நிறம் கலந்த தண்ணீர் உள்ள தட்டத்தில் நிறுத்தி வையுங்கள். பாடவேளை முடிவதற்குள் நிறம் கல்லில் மேலேறியிருக்கும். விஞ்ஞானப் பாடத்தில் மயிர்த்துளை எழுகை என்று நாம் படிப்பிப்பது இதுதான். கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்ணிய துளைகள் வழியே நிலத்து நீர் இப்படித்தான் சுவரில் ஏறுகிறது. ஏறிய நீர் சுவரின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிக்கொண்டும் இருப்பதால், சாதாரணமாக அது மூன்று, மூன்றரை அடிக்கு மேல் போவதில்லை. சுவரின் நீளத்துக்கு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஒரு கறைக்கோடு தெரியும். நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்பு சுவரிலேயே தங்கி வெள்ளைத் தூளாக வெளிவரும். 'சுவர் உப்புப் பூத்திருக்கு' என்று எம்மவர்கள் சொல்வது இதைத்தான். உப்புப் பளிங்கு வளரும்போது பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. அதனால்தான் பெயின்ட் ஊதுகிறது.

இந்த உப்பு இன்னொரு தொல்லையும் தரும். அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். நிலத்திலிருந்து வரும் நீரை முழுதாக நிறுத்தினாலும், உப்பு ஊறிய பழைய பூச்சு அப்படியே இருந்தால் மழை நாளில் சுவர் மீண்டும் ஈரமாகும். ஆகவே, பழைய பூச்சை உடைக்காமலே சரிசெய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் சற்று யோசியுங்கள். கடற்கரையோர ஊர்களில், சரியாகக் கழுவாத கடல் மண்ணில் பூசிய சுவர்களிலும் இதே தொல்லைதான். உப்பு நிலத்திலிருந்து வரவில்லை, பூச்சோடு சேர்ந்தே வந்திருக்கிறது.

மழை வழியே புகும் ஈரம் வேறு மாதிரி. அது கோடாக இல்லாமல் திட்டாகத் தெரியும். யன்னல் மூலை, ஸ்லெப்பும் சுவரும் சேரும் இடம், பீலி உடைந்த பக்கம் போன்ற இடங்களில் மழை பெய்தவுடன் கறுக்கும், வெயில் அடித்தால் மங்கும். குழாய் ஒழுக்குக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான், வருடம் முழுவதும் ஒரே அளவில் ஈரமாக இருக்கும். அதைச் சோதிக்க யாரையும் கூப்பிடத் தேவையில்லை. இரவு படுக்கும் முன் எல்லாப் பைப்புகளையும் மூடிவிட்டு நீர் மீட்டரின் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். சுபஹுக்கு எழும்பியதும், யாரும் தண்ணீர் திறப்பதற்கு முன்னரே, மீண்டும் பாருங்கள். இலக்கம் ஓடியிருந்தால் எங்கோ கசிகிறது. மேலே தாங்கி இருந்தால் அதற்குள் வரும் நீரை அடைத்துவிட்டு, அதன் நீர்மட்டத்தையும் அதேபோல் குறித்துப் பாருங்கள்.

நான்காவது வகை பலருக்குத் தெரியாதது. ஏசி போட்ட அறையிலும், யன்னலே திறக்காத அறையிலும், அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்த மூலையிலும் காற்றின் ஈரமே படிந்து பூஞ்சணம் வரும். இதைப் பிரித்தறிய, ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் இறுக்கி ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கும் சுவருக்கும் இடையில் நீர் முத்துக் கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் படிந்திருந்தால் அறையின் காற்றிலிருந்து வருகிறது. பின்னைய நிலையில் பாஸே தேவையில்லை. யன்னலைத் திறந்து, அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள்.

ஈரமான சுவரில் பிளக் பொயின்டோ சுவிட்சோ இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன் மின்வேலை தெரிந்த ஒருவரை அழையுங்கள். அடிக்கடி காரணமின்றி ட்ரிப் சுவிட்ச் விழுகிறதென்றால் அதை மாற்றி மாற்றித் தூக்கிவிட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

வீதி உயர்ந்தது, வீடு தாழ்ந்தது

அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் சீமெந்துச் சாந்தும் அதன்மேல் சூடான தாரும் பூசி ஒரு தடுப்பு வைப்பது வழக்கம். பாஸ்மார் அதை டி.பி.சி. என்பார்கள். நிலத்து நீரை அந்த இடத்திலேயே நிறுத்துவதுதான் அதன் வேலை. பழைய வீடுகள் சிலவற்றில் அது இல்லை, அவசரமாகக் கட்டிய வீடுகள் சிலவற்றிலும் இல்லை. ஆனால் இருக்கும் வீடுகளிலும் ஈரம் ஏறுவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் உண்டு. அதைப் பார்க்க வீட்டுக்கு வெளியே வர வேண்டும்.

டி.பி.சி. தடுப்பு வெளி நிலத்திலிருந்து குறைந்தது 6 அங்குலமாவது உயரத்தில் இருக்க வேண்டும். வீடு கட்டும்போது அப்படித்தான் இருந்திருக்கும். பின்னர் வீதிக்குக் கார்பட் போட்டார்கள், அடுத்த தடவை அதன் மேலேயே இன்னொரு படை போட்டார்கள். மழைத் தண்ணீர் வளவுக்குள் வந்ததால் நாம் வளவுக்கு கிரவல் கொட்டி உயர்த்தினோம். பிறகு அதன்மேல் இன்டர்லொக் கல் பதித்தோம். இப்போது நிலம் தடுப்பையும் தாண்டி சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தடுப்பு கீழே புதைந்து கிடக்க, நீர் அதைச் சுற்றிக்கொண்டு நேரே சுவருக்குள் போகிறது. சில வீடுகளில் வெளிப்பூச்சை அழகுக்காக நிலம் வரை இழுத்துவிட்டிருப்பார்கள். அந்தப் பூச்சே ஈரத்துக்கு ஏணியாகிவிடும்.

2024 நவம்பர் வெள்ளத்தின்போது அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களில் தண்ணீர் நின்றதை நாம் மறக்கவில்லை. அப்படியான வெள்ளத்துக்குப் பிறகு வளவை உயர்த்துவது நியாயமான காரியம்தான். ஆனால் உயர்த்தும்போது சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு மண்ணை விலக்கி, ஒரு சிறு கான் விட்டிருந்தால் பல சுவர்கள் தப்பியிருக்கும். இப்போதும் பிந்தவில்லை. பல வீடுகளில் முதல் வைத்தியம் மண்வெட்டிதான். இதைச் சொல்லித் தரும் பாஸ் உங்களிடம் இருந்து சம்பாதிப்பது குறைவு. அவரை விட்டுவிடாதீர்கள்.

காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. உங்கள் படுக்கையறைச் சுவருக்கு அப்பால் அயலவரின் குளியலறை இருக்கும். அல்லது அவரது பீலித் தண்ணீர் உங்கள் சுவரடியில் விழும். இது எந்த மருந்தாலும் தீராது. பேசித்தான் தீர்க்க வேண்டும். பீலியைத் திருப்பும் செலவை நாமே பொறுப்பேற்பதாகச் சொன்னால் பேச்சு இலகுவாகும்.

அக்குறணை, மாவனல்லை, கம்பளைப் பக்கத்தில் கதை வேறு. மண்மேட்டை வெட்டி, அதை ஒட்டி வீட்டின் பின்சுவரை எழுப்பியிருப்பார்கள். மழையில் மேட்டுக்குள் ஊறிய நீர் முழுவதும் அந்தச் சுவரைத் தள்ளும். உள்ளே எத்தனை தடவை பூசினாலும் நீரின் அழுத்தம் பூச்சைக் கழற்றிவிடும். மேட்டுக்கும் சுவருக்கும் இடையில் இடைவெளியும் வடிகானும், தாங்கு சுவரில் நீர் வெளியேறும் துளைகளும் இருப்பதுதான் அங்கே தீர்வு. மேட்டில் புதிதாக வெடிப்போ, சரிந்த மரமோ, திடீரென ஊற்றோ தெரிந்தால் அது ஈரத்தைப் பற்றிய விடயமே அல்ல. கிராம உத்தியோகத்தருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டிய விடயம்.

ஆளை அளப்பது

வந்து பார்க்கும் பாஸ் அல்லது கம்பனிக்காரர் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தொழில் தெரிந்தவர் ஈரச் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போவார். நிலமட்டம், பீலி, கான், குளியலறை எந்தப் பக்கம் என்று பார்ப்பார். எந்த மாதத்தில் கூடுகிறது, எப்போது தொடங்கியது, அதற்கு முன் வீட்டில் என்ன வேலை நடந்தது என்று கேட்பார். பூச்சைத் தட்டிப் பார்ப்பார், ஒரு மூலையில் சிறிது உடைத்துக் கல்லைப் பார்க்க அனுமதி கேட்பார். கடைசியில்தான் விலை சொல்வார். சிலர், "இன்னும் ஒரு மழை பெய்யட்டும், பிறகு வாறன்" என்றும் சொல்வார்கள். அது சோம்பல் அல்ல.

மற்றவர் உள்ளே நுழைந்ததும் அளவு நாடாவை எடுப்பார். நீளத்தை உயரத்தால் பெருக்கி, சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுவார். தொலைபேசியிலேயே விலை சொல்லிவிடுபவர்களும் இருக்கிறார்கள். காரணம் என்னவென்று கேட்டால், "எந்த ஈரமென்டாலும் இந்த மருந்து நிப்பாட்டும்" என்று பதில் வரும். எல்லா நோய்க்கும் ஒரே குளிசை தரும் வைத்தியரிடம் நாம் போவதில்லையே.

சிலர் சிறிய கருவியொன்றைச் சுவரில் குத்தி, இலக்கம் ஏறுவதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். ஈரமானி பயனுள்ள கருவிதான். ஆனால் அதில் பலவகை மின் கடத்தலை வைத்து ஈரத்தைக் கணிப்பவை. உப்பும் மின்னைக் கடத்தும். ஆகவே உப்புப் பூத்த சுவரில் ஈரம் குறைவாக இருந்தாலும் இலக்கம் கூடக் காட்டலாம். அதை ஒரு சாட்சியாக எடுக்கலாம், தீர்ப்பாக எடுக்கக் கூடாது.

'இலவச பரிசோதனை' பற்றி எனது அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. மருந்து விற்பவர் இலவசமாக வந்து பார்த்தால், அவர் கண்ணுக்கு அவரது மருந்து தேவைப்படும் நோய் மட்டும்தான் தெரியும். அதில் அவரைக் குறைசொல்வதற்கு ஒன்றுமில்லை, அது வியாபாரம். பெரிய செலவு வரும்போலிருந்தால், அந்த வேலையைச் செய்யாத ஒருவரிடம் கட்டணம் கொடுத்து அபிப்பிராயம் மட்டும் கேளுங்கள். எமது ஊர்களில் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும் இளம் பொறியியலாளர்களும் தாராளமாக இருக்கிறார்கள். அரை மணித்தியாலத்துக்கு அவர் கேட்கும் தொகை, பிழையான வேலைக்குப் போகும் தொகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை.

சான்றிதழ்கள் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க நிர்மாணத்துறை அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபை ஒப்பந்தக்காரர்களைப் பதிவுசெய்து தரப்படுத்துகிறது. கம்பனி என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் அந்தப் பதிவைக் கேட்பதில் தவறில்லை. மேசன் தொழிலுக்கு என்.வீ.கியூ. தகைமையும் உண்டு. ஆனால் ஊரில் நாற்பது வருடம் சாந்து குழைத்த பாஸிடம் எந்தக் கடதாசியும் இருக்காது, அவருக்குச் சுவரின் குணம் அத்துப்படியாக இருக்கும். கடதாசி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அவர் செய்த வேலை பேச வேண்டும்.

வேலையைப் பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. போன மாதம் முடித்த வீட்டைக் காட்டினால் அது எதையும் நிரூபிக்காது. போன மாதம் புட்டி இழுத்த சுவரும் இன்று பளபளப்பாகத்தான் இருக்கும். இரண்டு மாரி கடந்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டாரிடம், "பிறகு கூப்பிட்டபோது வந்தாரா?" என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு கேள்வி மற்ற எல்லாக் கேள்விகளையும் விட முக்கியமானது.

வேலை எப்படி நடக்க வேண்டும்?

நிலத்து ஈரத்துக்குச் சரியான வேலை என்றால் ஏறக்குறைய இந்த ஒழுங்கில் நடக்கும். முதலில் வெளியே நிலமட்டமும் கானும் சரிசெய்யப்படும். பின்னர் கறைக்கோட்டுக்கு மேலும் ஓரடி வரை பழைய பூச்சு கல் தெரிய உடைக்கப்படும். தடுப்பே இல்லாத வீடாயின், வெளி நிலத்துக்கு ஆறு அங்குலம் மேலாக, கற்களுக்கிடையிலான சாந்து வரியில் நான்கு, ஐந்து அங்குலத்துக்கு ஒரு துளை வீதம் சுவரின் தடிப்புக்குக் கிட்டத்தட்ட முழு ஆழத்துக்குத் துளைத்து, நீரை விலக்கும் சிலிக்கோன் வகை மருந்து ஏற்றப்படும். துளைகளை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். இருபதடிச் சுவருக்கு ஐம்பது துளையாவது வர வேண்டும். பதினைந்து துளை போட்டுவிட்டு மூடினால் வேலை நடக்கவில்லை.

அதன் பிறகு வருவதுதான் எவருக்கும் பிடிக்காத கட்டம்: காத்திருத்தல். ஈரமான சுவர் காய்வதற்கு ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்களின் பருமட்டான கணக்கு. எமது வெயிலில் சற்று விரைவாகலாம். ஆனாலும் ஒன்பது அங்குலச் செங்கற் சுவர் ஒரு கிழமையில் காயாது. "ராத்தா, இது சின்ன வேலை, மூணு நாளையில முடிச்சுப் பெயின்டும் அடிச்சுத் தாறன்" என்பவர் காத்திருத்தலை உங்களிடம் மறைக்கிறார். இரண்டு மாதத்தில் மகளின் கல்யாணம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதும், "அதுக்குள்ள ஏலாது, இப்ப சும்மா ஒரு பெயின்ட் அடிச்சிட்டு, கல்யாணம் முடியத் தொடங்குவம்" என்று சொல்பவர் ஒரு கொந்தராத்தைத் தள்ளிப்போட்டு உண்மை பேசியிருக்கிறார்.

ஈரச் சுவரின் மேல் டைல்ஸ் ஒட்டுவது இன்று நாகரிகமாகிவிட்டது. நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால் கறை மறையும், உண்மைதான். ஆனால் நீர் ஆவியாக இருந்த வழியும் அடைபட்டதால் அது இன்னும் மேலே ஏறி, ஐந்தாம் அடியில் வெளிவரும். உட்பக்கத்தில் நீர்புகாப் பூச்சு மட்டும் பூசுவதும் இதே மாதிரிதான்.

ஸ்லெப் வேலையில் ஒரு சோதனை போதும். மருந்து பூசிக் காய்ந்த பின், நீர் போகும் வாய்களை அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் தேக்கி, 24 மணித்தியாலமாவது விட வேண்டும். கீழே கசியாவிட்டால்தான் மேற்பூச்சோ டைல்ஸோ போட வேண்டும். இதைச் செய்யத் தயங்குபவருக்குத் தனது வேலையில் நம்பிக்கை இல்லை. நல்ல பாஸ் ஸ்லெப்பும் பரபெட் சுவரும் சேரும் மூலையை மட்டமாக விடாமல் சாந்தால் வளைத்து, மருந்தைச் சுவரிலும் அரையடி ஏற்றிப் பூசுவார். ஒழுக்கு அதிகமாகத் தொடங்குவது அந்த மூலையில்தான்.

எழுதிக்கொள்ளுங்கள்

கூலிக்கா, கொந்தராத்துக்கா கொடுப்பது என்று கேட்பவர்கள் பலர். நாட்கூலி இழுபடும், கொந்தராத்து அவசரப்படும். ஈர வேலையில் இடையில் காயும் காலம் இருப்பதால் கட்டம் கட்டமான கொந்தராத்துத்தான் பொருத்தம் என்பது எனது கருத்து. ஒரு இலட்சம் ரூபா வேலை என்று வைத்துக்கொள்வோம். சாமான் வாங்க முப்பது, பூச்சு உடைத்துத் துளையும் கானும் முடிந்ததும் முப்பது, மறுபூச்சு முடிந்ததும் முப்பது, மிகுதிப் பத்து அடுத்த மாரி கழிந்த பின். பெரிய கட்டட ஒப்பந்தங்களில் ஒரு பகுதிக் காசைப் பிடித்து வைத்து, குறைபாடு பார்க்கும் காலம் முடிந்த பின் கொடுப்பது சாதாரண நடைமுறை. சிறிய வேலைக்கும் அதைக் கேட்கலாம். முழுத் தொகையையும் முன்னரே கேட்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

எழுத்தில் என்ன இருக்க வேண்டும்? ஈரத்துக்குக் காரணம் என்று அவர் எதைச் சொல்கிறார், எந்தச் சுவர், எத்தனை அடி, என்ன மருந்து, எத்தனை தடவை, எத்தனை நாள் காய வேண்டும், உடைத்த கல்மண்ணை அகற்றுவது யார் என்பவை அதில் இருக்க வேண்டும். ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டாலே போதும். காரணத்தை எழுதச் சொல்வதுதான் இதில் முக்கியம். பிறகு வேலை தோற்றால், "அது வேற தண்ணி" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

மருந்தின் அளவையும் கணக்குப் பாருங்கள். வாளியில், இரண்டு தடவை பூச ஒரு சதுர மீற்றருக்கு ஒரு கிலோ தேவை என்று எழுதியிருக்கிறது என வைத்துக்கொள்வோம். 300 சதுர அடி ஸ்லெப் ஏறக்குறைய 28 சதுர மீற்றர். 28 கிலோ வேண்டும். ஒரு பத்துக் கிலோ வாளியைக் கொண்டுவந்து நீர் கலந்து முழுவதையும் பூசி முடித்தால், ஸ்லெப்பில் இருப்பது மருந்தல்ல, நிறம். மருந்தை நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது. காலாவதித் திகதியைப் பார்த்து, பில்லையும் வெறும் வாளிகளையும் பத்திரப்படுத்துங்கள்.

உத்தரவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் மயங்க வேண்டாம். அது மருந்துக் கம்பனியின் உத்தரவாதமா, பூசியவரின் உத்தரவாதமா என்று கேளுங்கள். மருந்துக் கம்பனி பெரும்பாலும் வாளிக்குள் இருப்பதற்கு மட்டும்தான் பொறுப்பேற்கும். மீண்டும் ஈரம் வந்தால் மருந்து மட்டும் தருவார்களா, கூலியும் சேர்ந்ததா, பூச்சும் பெயின்டும் யார் கணக்கு? இதற்குப் பதில் இல்லாத பத்து வருடத்தை விட, கூப்பிட்டால் வந்து நிற்கும் உள்ளூர்ப் பாஸின் இரண்டு வருடம் மேல். தொடங்கி ஒரு வருடம் ஆகாத கம்பனி பத்து வருடத்துக்கு வாக்குக் கொடுப்பதையும் யோசித்துப் பாருங்கள்.

கணவர் வெளிநாட்டில் இருக்க, பாஸ்மாருடன் பேசி வேலை வாங்கும் சகோதரிகளுக்கு இந்த எழுத்து இரட்டிப்பாக அவசியம். "நாநாவோட பேசிட்டன்" என்று உங்களிடமும், "ராத்தா சரியென்டவ" என்று அங்கேயும் சொல்லிச் செலவைக் கூட்டுவது பழைய தந்திரம். மூவரும் இருக்கும் ஒரு வட்ஸ்அப் குழுவை ஆரம்பித்து, மேலதிகச் செலவு எதுவாயினும் அதில் எழுதிய பிறகே தொடங்க வேண்டுமென்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூடிப் பூசுவதற்கு முன், அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்துத் துளைகளையும் உடைத்த உயரத்தையும் படமெடுத்து அதிலேயே போடுங்கள். படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தாலே வேலையின் தரம் கூடுவதைக் காண்பீர்கள்.

பிரச்சினை வந்தால் பள்ளி நிர்வாகத்தினரிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ பேசித் தீர்ப்பது எமது வழக்கம், அதில் நன்மையும் உண்டு. அங்கே தீராவிட்டால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்கு முறையிடலாம், சட்டத்தரணி தேவையில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். பொருட்களைப் போலவே சேவைகளும் அதன் சட்டத்துக்குள் வருகின்றன. எங்கே போனாலும் அந்தக் கொப்பித் தாளும், பில்லும், படங்களும்தான் முதலில் கேட்கப்படும்.

இனி, எப்போது தொடங்குவது? கிழக்கில் வடகீழ்ப் பருவமழையின்போது ஈரம் எங்கே, எவ்வளவு உயரத்தில் வருகிறது என்பதைப் பென்சிலால் சுவரிலேயே திகதியுடன் குறித்து வைத்து, வைகாசி தொடக்கம் ஆவணி வரையான வெயிலில் வேலையைச் செய்யலாம். மேற்கிலும் மலையகத்தின் மேற்குப் பக்கத்திலும் ஜனவரி, பெப்ரவரி மாதங்கள்தான் நல்லது. பாஸை மழைக்குள் கூட்டி வந்து காட்டுங்கள், வேலையை வெயிலுக்குள் வாங்குங்கள். பெருநாள் அதற்கு முன் வந்துவிட்டால் அந்த ஒரு வருடம் சுவர் கறையோடு இருந்துவிட்டுப் போகட்டும்.